மழையின் வேகக்கட்டுப்பாடு

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். சாலையோரப் பலகையில் வெயில் காயும்போதும் அதே எண்தான். ஆகாயம் உடைந்து கொட்டும்போதும் அதே எண்தான். பலகை நனைகிறது, எண் நனைவதில்லை. ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே, டயருக்கும் தாருக்கும் இடையில், எல்லாமே மாறிவிடுகிறது. சட்டத்தை ஒரு துளியும் மீறாமல், பலகை சொன்ன வேகத்திலேயே சென்று, ஒருவர் தம் வாகனத்தின் மீதான கட்டுப்பாட்டை முற்றிலும் இழக்க முடியும். மழைக்காலச் சாலைப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தச் சாலையின் கதை பலருக்கும் தெரிந்ததே. ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளம். 8,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவு. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய ஊர்களின் நெரிசலை ஒதுக்கிச் செல்லும் புறவழிகள். 2023 மார்ச் 12 அன்று பிரதமர் நரேந்திர மோடி மண்டியா மாவட்டத்தில் இதைத் திறந்துவைத்தார். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றேகால் மணி நேரமாகச் சுருங்கும் என்பதே அன்றைய பெருமிதம்.

ஒரு வாரம்கூட முடியவில்லை. ஓர் இரவு பெய்த மழையில் ராமநகரத்துக்கு அருகே சாலையில் நீர் தேங்கி, வாகனங்கள் ஊர்ந்தன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றின் மீது மோதின. விலங்குகள் கடப்பதற்காகக் கட்டப்பட்ட கீழ்ப்பாதை ஒன்றின் அருகே, தங்கள் நிலத்துக்கு வழி வேண்டி ஊர்மக்கள் மண்ணைக் கொட்டியதால் வடிகால் அடைபட்டது என்று நெடுஞ்சாலை ஆணையம் விளக்கமளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஆகஸ்ட் இறுதியில், இதே ராமநகரப் பகுதியில் ஏரிகள் நிரம்பி வழிந்து, பேருந்துகளும் கார்களும் நீருக்குள் சிக்கி நின்றதை நாடே பார்த்தது. புதிய சாலை பழைய நீர்வழிகளின் குறுக்கே போகிறது. ஏரியிலிருந்து ஏரிக்கு நீர் இறங்கும் தென்கர்நாடக நிலத்தில், அந்த வழியை நீர் மறப்பதில்லை. வழி கிடைக்காத நீர் சாலையையே வழியாக்கிக்கொள்கிறது.

2023-இன் முதற்பாதியில் மட்டும் இச்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவை எல்லாம் மழையால் நேர்ந்தவை அல்ல. பெரும்பங்கு வேகத்தாலும் ஒழுங்கற்ற தடமாற்றத்தாலும் விளைந்தவை. காவல்துறைக் கூடுதல் தலைமை இயக்குநராக இருந்த அலோக் குமார் சாலையை நேரில் ஆய்வு செய்தார். வேகத்தை அளக்கும் கருவிகளும் கேமராக்களும் வந்தன. 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் ஆகியவற்றுக்கு முதன்மைத் தடத்தில் இடமில்லை என்றாயிற்று. அடுத்த ஆண்டில் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தினால் உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் கேள்வி ஒன்றுதான்: மழையில் அந்தக் கட்டுப்பாடு எவ்வளவாக இருக்க வேண்டும்?

விடை ஓரளவுக்கு இயற்பியலில் இருக்கிறது. ஒரு காரின் ஒவ்வொரு சக்கரமும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகள், அவற்றின் பிடியில்தான் ஒன்றரை டன் இரும்பும் அதற்குள் அமர்ந்திருக்கும் குடும்பமும். சாலையில் நீர் இருக்கும்போது, டயரின் பள்ளங்கள் அந்நீரை அள்ளிப் பக்கவாட்டிலும் பின்புறமும் தள்ள வேண்டும். வேகம் கூடக்கூட அதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் தள்ளப்படாத நீர் டயருக்கு முன்னால் ஆப்புப்போல் நுழைந்து, டயரையே தூக்கிவிடுகிறது. அப்போது சக்கரம் சாலையில் உருளவில்லை, நீரின் மேல் மிதக்கிறது. ஸ்டீயரிங் திடீரென இலேசாகிவிடும். பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை, ஏனெனில் பிடிப்பதற்குக் கீழே சாலை இல்லை. ஏ.பி.எஸ். உள்ள வண்டியாயினும் இதே நிலைதான். அக்கருவி உள்ள பிடியை வீணாகாமல் காக்கும். இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் விமானப் பொறியாளர்கள். நனைந்த ஓடுதளத்தில் விமானங்கள் வழுக்குவதைக் கண்டு, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வால்டர் ஹார்ன், ராபர்ட் ட்ரெஹர் ஆகிய இருவரும் 1963-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதிலுள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்பது அவர்கள் கண்ட எளிய விதி. அதைக் காருக்குத் தோராயமாகப் பொருத்திப் பார்த்தால், 32 பவுண்டு காற்றழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கக்கூடும். காற்று குறைந்து 24 பவுண்டாக இருந்தால் ஏறத்தாழ 82 கிலோமீட்டரிலேயே மிதக்கக்கூடும். நீர் ஆழமாக இருந்து டயரும் தேய்ந்திருந்தால் இன்னும் முன்னதாகவே நிகழலாம். பலகை சொல்லும் 100 என்ற எண்ணை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், விளக்கம் தேவையில்லை. பெட்ரோல் நிலையத்தில் இரண்டு நிமிடம் நின்று காற்றைச் சரிபார்ப்பது எரிபொருளைச் சேமிக்கும் வேலை மட்டுமன்று என்பதும் இதிலிருந்து விளங்கும்.

கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது குற்றமாகாமலிருப்பதற்கான எல்லை. பாதுகாப்புக்கான எல்லை அன்று. மொட்டை டயர் வெயிலில் நன்றாகவே ஓடும். அதனால்தான் அது ஆபத்தானது: மழை வரும்வரை எந்த எச்சரிக்கையும் தராது.

மிதத்தல் நேராவிட்டாலும் நிறுத்தும் தூரம் நீள்கிறது. நல்ல உலர்ந்த சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க ஏறத்தாழ 56 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் உராய்வு குறைவதால் அதுவே 98 மீட்டராகலாம். இது பிரேக் பிடித்த பின் உள்ள கணக்கு. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, காலை நகர்த்துவதற்கு இரண்டரை விநாடி என்று இந்திய சாலைப் பேராயம் கணக்கிடுகிறது. அந்த இரண்டரை விநாடியில் வண்டி 69 மீட்டர் ஓடியிருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கும் சாலையில் ஓட்டுநருக்கு முன்னால் 180 மீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பேராயம் விதித்திருப்பது இதனால்தான். கனமழையில் 180 மீட்டர் தெரியுமா? முன்னால் செல்லும் லாரியின் சிவப்பு விளக்கே மங்கலாகத் தெரியும் நேரத்தில் இந்தக் கேள்வியை எந்த ஓட்டுநரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே மழையில் சரியான வேகம். நனைந்த சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 48 மீட்டரில் நிற்கலாம். அதாவது, உலர்ந்த சாலையில் 100-இல் கிடைக்கும் பாதுகாப்பு நனைந்த சாலையில் 70 அளவில்தான் கிடைக்கிறது.

நீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதும் அறியத்தக்கது. மழைநீர் வழிவதற்காகச் சாலைக்கு 2 முதல் 2.5 விழுக்காடு வரை குறுக்குச் சாய்வு கொடுக்கப்படுகிறது. மூன்று தடங்கள் கொண்ட அகலச் சாலையில் பெரும்பாலும் நடுத்தடுப்பின் பக்கம் விழுந்த நீரெல்லாம் இடது ஓரத்தை நோக்கி வழிகிறது; எனவே ஓரத்துத் தடத்தில் படலம் தடிப்பாக இருக்கும். வளைவுகளில் சாலை ஒரு பக்கமாகச் சாய்க்கப்படுகிறது. நேர்ச்சாலையின் சாய்வு வளைவின் சாய்வாக மாறும் இடத்தில், சிறிது தூரம் சாலை ஏறத்தாழ மட்டமாகிவிடுகிறது. நீர் எப்பக்கமும் போகாமல் தயங்கும் இடம் அது. வளைவின் நுழைவாயிலிலேயே அந்த இடம் அமைகிறது என்பதால், வேகத்தை வளைவுக்குள் சென்று குறைப்பதில் பயனில்லை. அதற்கு முன்பே குறைத்தாக வேண்டும். பாரவண்டிகள் ஓடி ஓடிப் பதிந்த சக்கரத்தடங்களிலும் நீர் கோடாக நிற்கும்.

மைசூருவின் மழை நாட்காட்டியும் ஓட்டுநருக்கு உதவக்கூடியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது. கடற்கரை மாவட்டங்களைப்போல் ஜூன், ஜூலையில் மட்டும் கொட்டித் தீர்ப்பதில்லை. மே மாத மாலைகளில் இடியும் காற்றுமாக ஒரு பருவம். செப்டம்பர், அக்டோபரில் மற்றொன்று. கன்னட உழவர்கள் மழையை நட்சத்திரப் பெயரால் அழைக்கின்றனர்: அசுவினி மழை, பரணி மழை, ரோகிணி மழை. எந்த மழைக்கு உழுவது, எந்த மழைக்கு விதைப்பது என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. ஓட்டுநருக்கும் ஒரு கணக்கு வேண்டும். பல வாரம் காய்ந்த சாலையில் விழும் முதல் மழைதான் மிகவும் வழுக்கும். எண்ணெய்க் கசிவும் ரப்பர்த் தூளும் புழுதியும் சேர்ந்து குழம்பாகும் அந்த முதல் அரைமணி நேரத்தைக் கழித்து வண்டியை எடுத்தால், சாலையை மழையே கழுவிவிட்டிருக்கும். அதே மே மாதக் காற்றில்தான் மைசூருவின் பெயர்பெற்ற சாலையோர மரங்கள் கிளை முறிக்கின்றன. அழகுக்காக வளர்ந்த நிழலின் கீழ் அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தி ஒதுங்குவது நல்லதன்று.

மைசூருவிலிருந்து தமிழகத்துக்கு இறங்கும் பாதைகள் இரண்டும் காட்டையும் மலையையும் கடப்பவை. ஒன்று, பந்திப்பூர் வழியாக உதகைக்கு. அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. மற்றொன்று, சாமராஜநகர், ஆசனூர் வழியாகத் திம்பத்துக்கு வந்து, 27 கொண்டை ஊசி வளைவுகளில் பண்ணாரிக்கு இறங்குவது. அங்கும் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. வனவிலங்குகளைக் காக்க வந்த இந்த விதிகள் நியாயமானவை. ஆனால் அவற்றின் பக்கவிளைவாக ஒரு பதற்றமும் பிறந்திருக்கிறது: சோதனைச்சாவடி மூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரத்தோடு மழையும் சேரும்போது மலைப்பாதை மன்னிப்பதில்லை.

மைசூருவில் முப்பது ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டும் சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். திம்பம் பாதை அவருக்குத் தம் வீட்டுத் திண்ணைபோல. மழையில் அவர் கடைப்பிடிக்கும் முறைகளை எந்தப் பயிற்சிப் பள்ளியும் பாடமாக வைக்கலாம். எந்தக் கியரில் அந்த ஏற்றத்தை ஏற வேண்டுமோ அதே கியரில்தான் இறங்குவார்; எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடும் பழக்கத்தைக் கண்டாலே அவருக்குக் கோபம் வரும். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவார். நீர் ஓடும் இடத்தைக் கடந்தவுடன், மெதுவாகச் சென்றபடியே பிரேக்கை இரண்டு மூன்று முறை இலேசாக மிதித்து உலர்த்திக்கொள்வார். முகப்புக் கண்ணாடி உள்ளே பனித்தால் துணியால் துடைக்காமல் ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்புவார். ஆண்டுதோறும் கோடை மழைக்கு முன்பே வைப்பர் ரப்பரை மாற்றிவிடுவார்.

ஒருமுறை, சாவடி மூடும் நேரம் நெருங்குகையில் திம்பத்தில் மழை பிடித்துக்கொண்டது. பின்னிருக்கையிலிருந்த இளைஞருக்குக் கோவையில் ரயிலைப் பிடிக்க வேண்டும். "அண்ணா, கொஞ்சம் மிதிங்களேன், நேரமாயிருச்சு" என்றார்.

"மிதிக்கலாமுங்க தம்பி. ஆனா நிறுத்தோணும்னா ரோடு விடோணுமல்லங்க?" என்றார் அவர். வேகம் கூடவில்லை. ரயில் போய்விட்டது. வசைதான் மிஞ்சியது. அடுத்த மாதம் அதே இளைஞர் தம் பெற்றோரைத் திம்பம் வழியாக அழைத்துச் செல்ல அவரையே அழைத்தார் என்பது அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே செய்தி.

மழையில் உயிரைக் குடிப்பது வேகம் மட்டுமன்று. தேங்கிய நீரைக் குறைத்து மதிப்பிடுவதும்தான். 2023 மே 21 அன்று பெங்களூருவில் விதான சௌதாவுக்கு வெகு அருகிலுள்ள கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில், மழைநீர் நிறைந்திருந்தபோது நுழைந்த ஒரு வாடகைக் கார் மூழ்கியது. ஊர் பார்க்க வந்த குடும்பத்தினர் அதில் இருந்தனர். மற்றவர்கள் மீட்கப்பட்டனர், ஓர் இளம்பெண் உயிரிழந்தார். நாட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைநகரில், சட்டமன்றத்தின் நிழலில், நீச்சலடிக்கும் ஆழ நீரில் ஒரு கார் மூழ்க முடியும் என்பதை அன்றுவரை யாரும் எண்ணியிருக்கவில்லை. ஓட்டுநரும் எண்ணவில்லை. நீரின் மேற்பரப்பு தன் ஆழத்தைச் சொல்வதில்லை. ஓரடி ஆழமுள்ள ஓடும் நீர் சிறு காரைத் தூக்கும்; இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். முன்னால் போன பேருந்து கடந்துவிட்டது என்பது காருக்குச் சான்றாகாது. நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலக் கூடாது; உறிஞ்சப்பட்ட நீர் எஞ்சினையே முறித்துவிடும். அதைவிட முதன்மையானது, நீர் கதவை அழுத்துவதற்கு முன்பே, சன்னலைத் திறந்து எல்லோரும் வெளியேறிவிடுவது. கார் போனால் போகட்டும்.

இருசக்கர வாகனக்காரர்களின் நிலை இன்னும் கடினமானது. விரைவுச்சாலையில் இடமில்லாத அவர்கள் செல்லும் பக்கச்சாலைகளில்தான் நீர் வந்து தேங்குகிறது. சாலைக்குறிகளின் வெள்ளைச் சாயம், சாக்கடை மூடிகள், உதிர்ந்த இலைகள் ஆகிய மூன்றும் நனைந்தால் சோப்பு. அவற்றின் மேல் செல்லும்போது வண்டியைச் சாய்க்கவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. பின்னிருக்கையில் இருப்பவர் குடை விரித்துச் செல்வது மைசூருவில் அன்றாடக் காட்சி. குடை காற்றைப் பிடிக்கும் பாய். ஒரு லாரி கடக்கும்போது எழும் காற்றில் வண்டியே திரும்பிவிடும். தொங்கும் சேலைத் தலைப்பும் மழைக்கோட்டின் நுனியும் சக்கரத்தில் சிக்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பத்து நிமிடம் கடையோரம் ஒதுங்கி நிற்பது இழிவில்லை.

பார்ப்பதைப்போலவே பார்க்கப்படுவதும் தேவை. பகல் மழையிலும் முகப்பு விளக்கைத் தாழ்நிலையில் எரியவிட வேண்டும். ஓடும்போதே நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிடும் வழக்கம் இச்சாலையில் பரவியிருக்கிறது. அப்படிச் செய்தால், வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, எப்பக்கம் திரும்பப் போகிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கான விளக்கு. முன்வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையில் உலர்ந்த நாளில் இரண்டு விநாடி இடைவெளி என்றால் மழைநாளில் நான்கு விநாடி என்கிறது பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேடு. முன்வண்டி ஒரு மரத்தையோ தூணையோ கடந்ததும் எண்ணத் தொடங்கினால் போதும். கருவி எதுவும் வேண்டாம்.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? இந்தியாவின் 2017 வாகன ஓட்டுதல் விதிமுறைகள், சாலைக்கும் வானிலைக்கும் ஏற்ப வேகத்தை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓட்டுநரைப் பணிக்கின்றன. நல்ல கட்டளைதான், ஆனால் எண் இல்லாத கட்டளை. பிரான்சில் விரைவுச்சாலையின் உச்ச வேகம் 130. மழை பெய்தால் அது 110 என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. மழை தொடங்கிய கணத்தில் விதி மாறுகிறது என்பது அங்கே ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தெரியும். கேமராக்கள் பொருத்தப்பட்ட மைசூரு விரைவுச்சாலையில், மழை நேரத்துக்கென ஒரு தனி எண்ணை அறிவிப்பதும் அதை மின்பலகையில் காட்டுவதும் பெரிய காரியமல்ல. வடிகால்களை மழைக்கு முன் தூர்வாருவதும், பக்கச்சாலை நீரை வெளியேற்றுவதும், சுரங்கப்பாதை வாயிலில் ஆழத்தைக் காட்டும் அளவுகோல் நடுவதும் அதைவிட எளியவை. விபத்து நடந்தபின் ஓட்டுநரைக் குறைசொல்வதற்கு முன், சாலையை அமைத்தவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்களா என்ற கேள்வி எழுந்தே தீரும்.

அதுவரை அந்த எண்ணை ஓட்டுநரும் அவருடன் பயணிப்பவர்களும்தாம் வகுத்துக்கொள்ள வேண்டும். பயணிப்பவர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மழையில் ஓட்டுநரை விரட்டுவது பெரும்பாலும் அவரது ஆசையன்று, பின்னிருக்கையின் முணுமுணுப்பும், "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று வீட்டிலிருந்து வரும் ஐந்தாவது தொலைபேசி அழைப்பும்தான்.

கணக்கு எளிது. 118 கிலோமீட்டரை 100 வேகத்தில் கடக்க 71 நிமிடம். முழுத் தூரமும் மழை பெய்து 70 வேகத்தில் சென்றால் 101 நிமிடம். வேறுபாடு அரைமணி நேரம். ஆனால் மழை அவ்வளவு தூரம் நீண்டு பெய்வது அரிது. மத்தூர் முதல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை, ஒரு 40 கிலோமீட்டர், என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு பத்து நிமிடம். புறப்படும்போதே வீட்டுக்கு ஒரு சொல் சொல்லிவிடலாம்: மழையாக இருக்கிறது, பத்து நிமிடம் தாமதமாகும், அழைக்க வேண்டாம், வந்து சேர்ந்ததும் சொல்கிறோம்.